மறைத்து வைக்கப்பட்ட மூன்று விளைச்சல்கள்
கிரேஞ்ச் ஒயினும் மகில் தோட்டமும்

ஒயின் என்ற சொல்லைத் தலைப்பில் கண்டதும் நம் சங்கத்துப் பெரியவர்களில் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர். நானும் மது அருந்துபவன் அல்லன். ஆயினும் ஒரு குறிப்பிட்ட ஒயினின் வரலாறு, முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் பாலமும் தண்டவாளமும் பார்த்த எனக்குப் பெரிய சுவாரசியத்தைத் தந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். ஒரு பொருள் தன் முழுத் தகுதியை அடையப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆண்டிலேயே அதைச் சோதித்து, ‘இது உதவாது’ என்று மேலிடம் தீர்ப்பளித்துவிட்டால் அதைச் செய்தவன் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் கிரேஞ்ச் என்னும் சிவப்பு ஒயினுக்கு நேர்ந்தது இதுவே.

டாக்டரின் தோட்டம்

அடிலெய்ட் என்பது தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரம். அதன் கிழக்கே மலையடிவாரத்தில் மகில் என்ற பகுதி இருக்கிறது. 1844-ல் இங்கிலாந்திலிருந்து கிறிஸ்டோபர் ராசன் பென்ஃபோல்ட் என்ற இளம் மருத்துவர் மனைவி மேரியுடனும் சிறு மகளுடனும் கப்பலேறி வந்து, இங்கே சுமார் 500 ஏக்கர் நிலம் வாங்கினார். பிரான்சிலிருந்து வந்த திராட்சைக் கொடிகளை நட்டார். அவர்கள் கட்டிக்கொண்ட சிறிய கல்வீட்டுக்கு மேரியின் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்தார்கள்: கிரேஞ்ச். அந்த வீடு இன்றும் இருக்கிறது.

டாக்டர் ஒயின் வியாபாரியாக வந்தவர் அல்லர். அந்நாளில் இரத்தசோகை கண்ட நோயாளிகளுக்குச் சத்து மருந்தாக ஒயின் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்த மருந்துக்காகவே தோட்டம் போட்டார். அவர் வைத்தியம் பார்க்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்க, கொடிகளையும் பீப்பாய்களையும் கவனித்தவர் மேரி அம்மையார்தான். 1870-ல் கணவர் இறந்த பிறகு முழுப் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. 1880களில் ஓய்வு பெறும்வரை அவரே தொழிலை நடத்திப் பெரிதாக்கினார். வெளியே தெரிந்த பெயர் டாக்டருடையது. கட்டி வளர்த்தது அவர் மனைவி. நம் வீடுகளிலும் இது புதிய கதையல்ல.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் அது 1877-ல் காணப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா கடுமையான தடைகள் விதித்துத் தப்பித்துக்கொண்டது. அதனால் நூறு வயது கடந்த கொடிகள் சொந்த வேரிலேயே அங்கு நிற்கின்றன. வயதான கொடி குறைவாகக் காய்க்கும். ஆனால் பழத்தில் சாரம் அதிகம் என்பது தோட்டக்காரர்களின் அனுபவம். இந்தக் கதைக்கு அந்தக் கொடிகள் முக்கியம்.

தூதுப் பையன்

1931-ல் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் கிளை ஒன்றில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். பெயர் மாக்ஸ் ஷூபர்ட். அடிலெய்டுக்கு வடக்கே உள்ள பரோசா பள்ளத்தாக்கில் குடியேறிய ஜெர்மானிய வம்சத்துக் குடும்பம். பெரிய படிப்பில்லை. வேலை முடிந்ததும் மாலை வகுப்பில் வேதியியல் படித்தான். இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்து போய்த் திரும்பி வந்து, 1948-ல் நிறுவனத்தின் தலைமை ஒயின் தயாரிப்பாளரானார். டிப்ளமா படித்துவிட்டுப் பட்டதாரிகளுக்கு நடுவே வேலை பார்த்த என் போன்றவர்களுக்கு இத்தகைய ஆட்கள் மீது தனி அபிமானம் உண்டு.

அதே நிறுவனத்தில் ரே பெக்வித் என்ற வேதியியலாளர் 1935 முதல் இருந்தார். ஒயின் கெட்டுப்போவதற்கும் அதன் புளிப்பு அளவுக்கும், அதாவது வேதியியலார் பி.எச். என்று சொல்லும் எண்ணுக்கும், நேரடித் தொடர்பு இருப்பதை அவர் கண்டறிந்தார். புளிப்பைச் சரியான அளவில் நிறுத்தினால் ஒயினைக் கெடுக்கும் கிருமிகள் வளர்வதில்லை. அதுவரை ‘கைராசி’ என்று சொல்லிவந்த ஒரு தொழில் அளவுகோலுக்குள் வந்தது. பெக்வித் நூறு வயது வாழ்ந்து 2012-ல் மறைந்தார். ஷூபர்ட்டின் துணிச்சலுக்குப் பின்னால் இவருடைய அளவுகோல் இருந்ததை மறக்கக்கூடாது.

போர்டோவில் கண்டது

அக்காலத்தில் ஆஸ்திரேலியர்கள் விரும்பி வாங்கியவை போர்ட், ஷெர்ரி போன்ற இனிப்பான, சாராயம் கலந்து வலுவூட்டிய ஒயின்கள். சாப்பாட்டோடு அருந்தும் சாதாரண சிவப்பு ஒயினுக்குச் சந்தை சிறியது. ஆகவே 1950-ல் நிறுவனம் ஷூபர்ட்டை ஷெர்ரி, போர்ட் தயாரிப்பைப் படித்து வரச் சொல்லி ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் அனுப்பியது. திரும்பும் வழியில் பிரான்சின் போர்டோ நகரப் பகுதிக்குப் போனார். அங்கே பழைய ஒயின் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் க்ரூஸ் என்பவர் அவருக்குத் தோட்டங்களைச் சுற்றிக் காட்டினார். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கிடந்த ஒயின்களைத் திறந்து ருசி பார்க்கவும் கொடுத்தார்.

அத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவை உயிரோடு இருந்தன. மணம் குறையாமல், மேலும் மெருகேறி இருந்தன. ‘நம் நாட்டிலும் குறைந்தது இருபது ஆண்டு நிற்கும் ஒயினை ஏன் செய்யக்கூடாது?’ என்ற எண்ணத்தோடு ஷூபர்ட் ஊர் திரும்பினார்.

ஆனால் போர்டோவின் கேபர்னே சாவின்யோன் திராட்சை அப்போது தெற்கு ஆஸ்திரேலியாவில் மிகவும் அரிது. பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயும் கைக்கு எட்டவில்லை. இருந்தது ஷிராஸ் திராட்சையும் அமெரிக்க ஓக் பீப்பாயும்தான். இருப்பதைக் கொண்டு செய்வது என்று முடிவெடுத்தார். ஷிராஸ் என்றவுடன் பெர்சியாவின் ஷிராஸ் நகரம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் திராட்சை தென்கிழக்கு பிரான்சில் பிறந்த கலப்பினம் என்பதை 1990களின் இறுதியில் மரபணு ஆய்வு காட்டிவிட்டது.

1951-ல் ஒரு சோதனை

கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் வருவது பெரும்பாலும் வெளிர் நிறச் சாறுதான். சிவப்பு நிறம் தோலில் இருக்கிறது. துவர்ப்பும் தோலிலும் விதையிலுமே இருக்கிறது. ஆகவே சிவப்பு ஒயின் செய்வதென்றால் சாற்றைத் தோலோடு சேர்த்துத் தொட்டியில் ஊறவிட்டு நொதிக்கச் செய்ய வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வாயு மேலே வரும்போது தோலையெல்லாம் தூக்கிக்கொண்டு வருவதால், தொட்டியின் மேலே தடித்த தொப்பி போல் தோல் மிதக்கும். மிதந்தால் சாறு இறங்காது. ஷூபர்ட் தொட்டிக்குள் மரப்பலகைகளைப் பொருத்தித் தோலை எப்போதும் சாற்றுக்குள் அமிழ்ந்திருக்கச் செய்தார்.

அடுத்த சிக்கல் வெப்பம். நொதிக்கும்போது சூடு ஏறும். கட்டுப்படுத்தாவிட்டால் எல்லாம் சில நாளில் முடிந்துவிடும். சாரம் போதிய அளவு இறங்காது. அவர் சாற்றைக் குளிர்விப்பான் வழியாகச் செலுத்தி வெப்பத்தை அடக்கி, ஒவ்வொரு நாளும் எவ்வளவு சர்க்கரை குறைய வேண்டும் என்று திட்டம் போட்டு, பன்னிரண்டு நாள் வரை நொதித்தலை நீட்டினார்.

பிறகு செய்ததுதான் ஒரு பொறியாளனுக்குப் பிடித்த பகுதி. மகில் தோட்டத்துத் திராட்சையும் அடிலெய்டுக்குத் தெற்கே மார்ஃபெட் வேல் தோட்டத்துத் திராட்சையும் சேர்த்துச் செய்த அந்த ஒயினை இரண்டு வகைக் கலங்களில் ஊற்றினார். ஒரு பகுதி, ஹாக்ஸ்ஹெட் எனப்படும் சுமார் 300 லிட்டர் கொள்ளும் ஐந்து புதிய அமெரிக்க ஓக் பீப்பாய்களில். மற்றொரு பகுதி, வழக்கமாகப் பயன்பட்டுவந்த 1,000 காலன் கொள்ளும் பழைய பெரிய மரத்தொட்டியில். அதாவது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரியையும் கூடவே வைத்துக்கொண்டார்.

1,000 காலன் என்பது சுமார் 4,500 லிட்டர். இரண்டும் ஒரே வடிவம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிறிய பீப்பாயில் ஒவ்வொரு லிட்டர் ஒயினுக்கும் கிடைக்கும் மரப்பரப்பு பெரிய தொட்டியைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. போதாததற்கு, மரமும் புதியது. ஆகவே ஓக் மரத்தின் துவர்ப்பும், வெனிலாவையும் தேங்காயையும் நினைவூட்டும் அதன் வாசனையும் ஒயினில் நன்றாக இறங்கின. இரண்டு கலத்துக்கும் உள்ள வேறுபாடு வெகு சீக்கிரமே தெரிந்தது என்கிறார்கள். பழைய தொட்டி ஒயின் நல்ல ஒயின். புதிய பீப்பாய் ஒயினோ முற்றிலும் வேறு சாதி.

பதினெட்டு மாதம் கழித்துப் புட்டியில் அடைத்தார்கள். பென்ஃபோல்ட் தம்பதியின் வீட்டுப் பெயரும் பிரெஞ்சு நாட்டுப் பெயர் ஒன்றும் சேர்ந்து ‘கிரேஞ்ச் ஹெர்மிடேஜ், பின் 95’ என்ற பெயர் வந்தது. பின் என்பது நிலவறையில் புட்டிகள் அடுக்கி வைத்த இடத்தின் எண். 1951 சரக்கு விற்பனைக்கு வரவில்லை. ஷூபர்ட் பெரும்பாலும் இனாமாகவே கொடுத்தார். 1952 விளைச்சல்தான் முதலில் கடைக்கு வந்தது.

பழசாவது என்றால் என்ன?

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. எல்லா ஒயினும் வைத்தால் உயரும் என்று நினைக்க வேண்டாம். உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டில் அருந்துவதற்காகவே செய்யப்படுவது. வைத்தால் சப்பென்று ஆகிவிடும். நம் வீட்டில் எலுமிச்சை ரசத்தை நாளைக்கு வைக்க முடியாது. ஆனால் உப்பு நாரத்தங்காய் ஆண்டுகள் கடந்து கறுத்துப் பதமாகும். இரண்டும் புளிப்புதான். வேறுபாடு உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான்.

ஒயினில் காப்பாற்றும் பொருள்கள் புளிப்பு, சாராயம், டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஆகியவை. நம் கடுக்காயிலும் தேயிலையிலும் இருக்கும் அதே குடும்பத்துத் துவர்ப்புதான் டானின். இளம் ஒயினில் அது நாக்கைப் பிடித்து இழுக்கும். நாளாக ஆக டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் கோத்துக்கொண்டு பெரிய சங்கிலிகளாகின்றன. மிகப் பெரியவை கரைசலில் நிற்க முடியாமல் வண்டலாகப் படிந்துவிடும். அதனால் துவர்ப்பு மென்மையாகிறது. கருஞ்சிவப்பு மெல்லச் செங்கல் நிறத்துக்கு வருகிறது. புதுப்பழ வாசனை குறைந்து தோல், புகையிலை, உலர்ந்த பழம் போன்ற வேறு மணங்கள் எழுகின்றன. பழைய ஒயினை ஊற்றும்போது அடிவண்டல் கலங்காமல் வேறு பாத்திரத்துக்கு இறுத்துக்கொள்வது இதனால்தான்.

புட்டியைப் படுக்க வைப்பதற்கும் காரணம் உண்டு. கார்க் நனைந்தபடி இருந்தால்தான் சுருங்காமல் வாயை அடைத்திருக்கும். காய்ந்தால் காற்று புகும். ஒயின் புளித்த காடியை நோக்கிப் போகும். வைக்கும் இடம் இருட்டாக, ஆடாமல், 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் அளவில் மாறாமல் இருக்க வேண்டும். மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் நம் வட இந்திய நகரங்களில் அலமாரியில் வைத்துவிட்டு ‘பழசாகட்டும்’ என்று காத்திருந்தால், வெந்துபோன சரக்குதான் கிடைக்கும்.

அடிலெய்டில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மகில் நிலவறையைப் பார்க்க வாய்த்தது. மலையடிவாரத்தில் குடைந்த நீண்ட சுரங்க வழிகள். எங்கள் மலைப்பாதைச் சுரங்கம் போலவே உள்ளே நுழைந்ததும் வெளி வெயில் மறந்துவிடுகிறது. ருசி பார்க்கச் சொன்னார்கள். மணத்தை மட்டும் முகர்ந்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

தலைமை அலுவலகத்தின் தீர்ப்பு

இப்போது கதைக்குத் திரும்புவோம். ஷூபர்ட் 1951 முதல் ஒவ்வோர் ஆண்டும் தம் ஒயினைச் செய்துவந்தார். புட்டிகள் நிலவறையில் குவிந்தன, பணம் முடங்கியது. தலைமை அலுவலகம் சிட்னியில். இத்தனை செலவில் அப்படி என்னதான் செய்கிறார் என்று அறிய விரும்பினார்கள். 1950களின் நடுவில் சிட்னியில் இயக்குநர்களும், அவர்களுடைய நண்பர்களும், ஒயின் தெரிந்த பிரமுகர்களும் கூடி ருசி பார்த்தார்கள்.

தீர்ப்பு படுமோசம். இனிப்பில்லாத போர்ட் என்று ஒருவர் சொன்னார். காட்டுப் பழங்களையும் நசுக்கிய எறும்பையும் சேர்த்தது போல் இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். அடிலெய்டில் நடந்த ருசி பார்த்தலிலும் இதே கதிதான். 1957 அறுவடைக்குச் சற்று முன்பு, கிரேஞ்ச் தயாரிப்பை நிறுத்தும்படி எழுத்து மூலமாக ஆணை வந்தது. பணம் முடங்குகிறது, நிறுவனத்தின் பெயரும் கெடுகிறது என்பன காரணங்கள்.

நான் கம்பெனிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். விற்காத சரக்கை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது சிறிய விஷயமல்ல. அவர்கள் நாக்கும் பொய் சொல்லவில்லை; இளம் கிரேஞ்ச் உண்மையிலேயே கரடுமுரடாகத்தான் இருந்திருக்கும். தவறு வேறிடத்தில். கட்டட வேலை தெரிந்தவர்களுக்குக் கான்கிரீட் கட்டைச் சோதனை தெரியும். வார்த்த கட்டையை 7-ம் நாளும் 28-ம் நாளும் நசுக்கிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் நசுக்கினால் எந்த நல்ல கலவையும் தோற்றுத்தான் போகும். அதற்காகக் கட்டையின் மேலேயே வார்த்த தேதியை எழுதி வைக்கிறோம். ஷூபர்ட்டின் புட்டியில் விளைந்த ஆண்டு இருந்தது. எந்த ஆண்டில் சோதிக்க வேண்டும் என்பது எங்கும் எழுதப்படவில்லை. இருபது ஆண்டுக்காகச் செய்ததை ஐந்தாம் ஆண்டில் அளந்தார்கள்.

ஆணைக்குப் பிறகு

சிட்னிக்கும் அடிலெய்டுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஷூபர்ட் 1957-ல் ஆணையை வாங்கிக்கொண்டு, மகில் நிலவறைக்குள் சத்தமில்லாமல் கிரேஞ்ச் செய்துகொண்டே இருந்தார். 1958, 1959 ஆண்டுகளிலும் அப்படியே. புதிய ஓக் பீப்பாய் வாங்கினால் கணக்கில் தெரிந்துவிடும். ஆகவே முந்தைய ஆண்டுகளில் பயன்பட்ட பீப்பாய்களையே மறுபடி எடுத்தாண்டார். அளவும் குறைந்தது. தனியாக அவர் இதைச் செய்துவிடவில்லை. அடிலெய்டில் நிர்வாகப் பொறுப்பிலிருந்த, நிறுவனர் குடும்பத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்ட் அவருக்குத் துணை நின்றார்.

இதை நான் முழு மனதோடு பாராட்டிவிட முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரயில்வேயில் எழுத்து மூலமான ஆணையை மீறுவது விளையாட்டல்ல. வேகக் கட்டுப்பாட்டை மீறினால் போவது உயிர். ஷூபர்ட் பணயம் வைத்தது கம்பெனியின் சில பீப்பாய் ஒயினையும் தம் வேலையையும்தான். பிறர் உயிரை அல்ல. அந்த வேறுபாடு பெரியது. இருந்தாலும் பிழைப்பு போயிருக்கும். குடும்பஸ்தர் ஒருவர் மூன்று ஆண்டு அந்தப் பயத்தோடு வேலைக்குப் போய்வந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்குள் முதல் புட்டிகளுக்கு வயது ஏறியது. எறும்பும் காட்டுப்பழமும் மறைந்து மெருகு வந்தது. அருந்தியவர்கள் பேசத் தொடங்கினார்கள். பேச்சு சிட்னியையும் எட்டியது. பழைய புட்டிகளை மறுபடி திறந்து பார்த்த இயக்குநர் குழு, 1960 அறுவடைக்குள் கிரேஞ்சை மீண்டும் தொடங்கும்படி சொன்னது. அவர்கள் ‘மீண்டும்’ என்றார்கள். உண்மையில் சங்கிலி அறவே இல்லை. 1951 முதல் இன்றுவரை ஓர் ஆண்டும் விடாமல் கிரேஞ்ச் இருப்பது அந்த மூன்று மறைந்த விளைச்சல்களால்தான்.

1962-ல் சிட்னி ஒயின் கண்காட்சியில் 1955 விளைச்சல் தங்கப் பதக்கம் வாங்கியது. பின்னர் அந்த ஒரே விளைச்சல் ஐம்பதுக்கும் மேற்பட்ட தங்கப் பதக்கங்களைப் பெற்றது. 1979-ல் பாரிசில் நடந்த போட்டியில் 1971 கிரேஞ்ச் தன் வகையில் முதலிடம் பெற்றது. 1995-ல் அமெரிக்காவின் ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ இதழ் 1990 விளைச்சலை அவ்வாண்டின் சிறந்த ஒயினாக அறிவித்தது. அந்த 1990 புட்டியில்தான் ‘ஹெர்மிடேஜ்’ என்ற சொல் முதன்முதலாக நீக்கப்பட்டது. அது பிரான்சின் ரோன் ஆற்றங்கரையில் உள்ள ஒரு குன்றின் பெயர். டார்ஜிலிங்கில் விளையாத தேயிலையை டார்ஜிலிங் என்று விற்கக்கூடாது அல்லவா, அதே நியாயம்.

மறைத்து வைத்த ஒயினுக்கு ஒரு வினோதமான பின்கதையும் உண்டு. 2014-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் பாரி ஓ’ஃபாரல், பரிசாக வந்த ஒரு புட்டி 1959 கிரேஞ்ச் தமக்குக் கிடைத்ததாக நினைவில்லை என்று ஊழல் தடுப்பு ஆணையத்தில் சாட்சியம் சொன்னார். மறுநாள் அவரே கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் வெளிவந்தது. பதவி விலகினார். அவர் வேண்டுமென்றே பொய் சொன்னதாக ஆணையம் கருதவில்லை. ஆனாலும் சுமார் 3,000 டாலர் பெறும் ஒரு புட்டியால் ஒரு முதல்வர் பதவி போயிற்று.

தோட்டம் என்ன ஆயிற்று?

ஒயின் தப்பித்தது. தோட்டம் அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. நகரம் வளர வளர மகில் புறநகராயிற்று. 1976-ல் நிறுவனம் பென்ஃபோல்ட் குடும்பத்தின் கையை விட்டுப் போனது; அடுத்தடுத்துப் பல கைகள் மாறி, 2011 முதல் ட்ரெஷரி ஒயின் எஸ்டேட்ஸ் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. இந்தக் கைமாற்றங்களுக்கு இடையே 1980களின் தொடக்கத்தில் மகில் நிலத்தில் பெரும்பகுதி வீட்டு மனைகளாக விற்கப்பட்டது. டாக்டர் வாங்கிய 500 ஏக்கரில் இப்போது கொடி நிற்பது சுமார் 5 ஹெக்டேர். சுற்றிலும் ஓட்டு வீடுகள். நடுவே ஒரு பச்சைத் துண்டு.

அந்தத் துண்டாவது மிஞ்சியதில் ஷூபர்ட்டுக்கும் பங்கு உண்டு. 1975-ல் ஓய்வு பெற்றுவிட்ட அவர், தமக்குப் பின் பொறுப்பேற்ற டான் டிட்டருடன் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்: எஞ்சிய மகில் திராட்சையை மட்டும் கொண்டு, தோட்டத்தின் பெயரிலேயே தனி ஒயின். 1983-ல் அதன் முதல் விளைச்சல். பெயர் பெற்ற ஒயின் விளையும் நிலத்தை மனை போட்டு விற்க யாருக்கும் எளிதில் கை வராது. கிரேஞ்சுக்கு வேண்டிய பழமோ பரோசாவின் கலிம்னா போன்ற தோட்டங்களிலிருந்தும் வேறு பகுதிகளிலிருந்தும் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து வருகிறது. ஷூபர்ட் 1994-ல் காலமானார்.

பழைய புட்டிக்கு வைத்தியம்

இன்னொரு வழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1991 முதல் இந்த நிறுவனம் ‘கிளினிக்’ என்ற பெயரில் நகரம் நகரமாக முகாம் நடத்துகிறது. பதினைந்து ஆண்டு கடந்த தங்கள் சிவப்பு ஒயினை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். புட்டியில் மட்டம் இறங்கியிருந்தால் உரியவர் முன்னிலையிலேயே திறந்து, ஒரு துளி சோதித்து, நல்லதாக இருந்தால் அதே ஒயினின் புதிய விளைச்சலால் நிரப்பி, புதிய கார்க் போட்டு, தேதியும் கையொப்பமும் உள்ள சான்றுச் சீட்டு ஒட்டித் தருகிறார்கள். கெட்டிருந்தால் மூடித் தருவார்கள்; சீட்டு கிடையாது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புட்டிகள் இப்படிச் சோதிக்கப்பட்டிருக்கின்றன. விற்ற பொருளுக்கு முப்பது ஆண்டு கழித்தும் பொறுப்பேற்பது நாம் பார்த்திராத ஒரு வியாபார ஒழுக்கம்.

2021-ல் ஒரு புட்டி 1951 கிரேஞ்ச் ஏலத்தில் ஒன்றரை லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போனது. வல்லுநர்களைக் கேட்டால் அந்த 1951-ன் பருவம் கடந்துவிட்டது, அது அருந்துவதற்கல்ல, சேகரிப்பதற்கே என்கிறார்கள். ஆக, விலையும் சரியான அளவுகோல் அல்ல என்று ஆகிறது. ஐந்தாம் ஆண்டில் ஒன்றுக்கும் உதவாதது என்றார்கள். எழுபதாம் ஆண்டில் வீடு வாங்கும் விலை கொடுக்கிறார்கள். அது நிஜமாகவே நன்றாக இருந்த காலம் இரண்டுக்கும் நடுவில், ஏலமும் ஆணையும் இல்லாமல், யாரோ சிலர் சாப்பாட்டு மேசையில் கழிந்துவிட்டது.

இங்கிலாந்து டாக்டர், பிரெஞ்சுக் கொடி, ஜெர்மானிய வம்சத்துத் தொழிலாளி, அமெரிக்க மரம் என்று இதில் சேர்ந்தவை எல்லாமே ஊர் விட்டு ஊர் வந்தவை என்பதும், பிழைக்க வந்த மண்ணில் வேர் பிடித்த நமக்குக் கவனிக்கத் தக்கது. அதைவிட முக்கியமாக, நம் பிள்ளைகளோ, நாம் தொடங்கிய காரியமோ, இந்தச் சங்கத்துத் தமிழ் வகுப்போ, எதையும் அளந்து பார்க்குமுன் அதற்குரிய சோதனை நாள் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது. கூடுமானால் அந்தத் தேதியைத் தொடங்கும்போதே எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைத்துவிடுவது இன்னும் நல்லது. அப்படி எழுதி ஒட்டியிருந்தால் ஷூபர்ட்டுக்கு மூன்று ஆண்டு ஒளித்து வைக்கும் வேலை மிஞ்சியிருக்கும்.